வெறும் மாடியைப் பார்த்திருப்பவர்களுக்கு

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் மாடிகளிலும் வாசற்படிகளிலும் செடி வளர்க்கும் எல்லோருக்கும்,



மார்கழி பிறந்துவிட்டது. நம்மில் பலருடைய மொட்டைமாடி வெறிச்சென்று கிடக்கிறது. ஐப்பசியில் முதல் புயல் அறிவிப்பு வந்தபோதே தொட்டிகளை இறக்கினோம். புடலைப் பந்தலின் கயிற்றை அறுத்தோம். தூக்க முடியாத பைகளைக் கைப்பிடிச் சுவரோரம் நெருக்கி வைத்தோம். அதில் பாதி அழுகிப் போயிற்று. இறக்கியவை மாடிப்படியிலும் மீட்டர் பெட்டிக்குக் கீழேயும் வெயில் காணாமல் வெளுத்து நிற்கின்றன. ஆனி, ஆடியில் பொழுது விடியுமுன்பே மாடிக்கு ஏறிய நமக்கு, இந்த மாதங்களின் விடியற்காலையை என்ன செய்வதென்று தெரிவதில்லை. பல் துலக்கிக்கொண்டே எத்தனை பிஞ்சு விட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை.

இந்த ஏக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு நாம் இதைச் சொல்லாமலே இருக்கிறோம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் இருக்கிறார்கள். கூலி போனவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குப் போக முடியாமல் படகுகள் கரையில் கிடக்கின்றன. இதற்கு நடுவில் கத்திரிச்செடி போயிற்று என்று எப்படிச் சொல்வது? சொல்லலாம் என்பதே என் கட்சி. விதை போட்டு, நாற்று நட்டு, மாதக்கணக்கில் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றிய கை அது. பறிகொடுத்ததைப் பறிகொடுத்தேன் என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நம் தோட்டம் எதிலிருந்து உண்டாயிற்று என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. காசிமேட்டில் மீன் வந்து இறங்கிய தெர்மாகோல் பெட்டி, பெயின்ட் பக்கெட், அரிசிச் சாக்கு. கிழிந்த நைலான் வலைதான் பந்தல். மீன் குடலும் செதிலும் வெல்லமும் சம எடை போட்டு மூடி, ஒன்றரை மாதம் ஊறவைத்த மீன் அமிலம்தான் உரம். மண்தான் நமக்குப் பெரும்பாடு. கரையோர மணலில் உப்பு. காலி மனை மண்ணில் எந்தக் காலத்தில் எந்தத் தொழிற்சாலை எதைக் கொட்டியதோ தெரியாது. ஆகவே மண்ணைக்கூடக் காசு கொடுத்து வாங்கித்தான் நம் தோட்டம் தொடங்குகிறது. 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. தென்னை நார்க்கழிவும் விதையும் உயிர் உரமும் கைக்குக் கிடைத்த பிறகுதான் ஒரு பக்கெட் துளசியோடு இருந்த பலர் தக்காளிக்கும் கீரைக்கும் துணிந்தார்கள்.

ஆனால் இலையில் கரி படிவது அதற்கும் முந்திய கதை. இராயபுரத்துக்காரர்கள், 2011க்கு முன்பு துளசியைத் தொட்டால் விரல் கறுத்ததை மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயின. இராயபுரத்து இலைகள் கொஞ்சம் தெளிந்தன. அந்தக் கறுப்பு வடக்கே இருக்கும் நம்மவர்களின் மாடிக்குப் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. சாம்பல் நின்றபாடில்லை. காலையில் இலைகளைக் கழுவிவிட்டுத்தான் எண்ணூர்ப் பெண்கள் வேருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

நம் பகுதி புகைபோக்கிகளோடு பிறந்ததும் அல்ல. திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம். அந்தக் கோயிலுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைச் சுந்தரர் கண்டதும், உன்னைப் பிரியேன் என்று மகிழின் அடியில் சத்தியம் செய்து கொடுத்ததும் பெரியபுராணத்தில் வருகிறது. நாள்தோறும் மாலை தொடுக்கும் அளவுக்குப் பூ விளைந்த ஊரில்தான் நாம் ஒரு பக்கெட் மண்ணுக்கு அலைகிறோம்.

மழை மாதங்களில் நம் செடி ஏன் சாகிறது என்பதை ஒருமுறை தெளிவாகப் பேசிவிட வேண்டும். பலர் குளிரைக் குற்றம் சொல்கிறார்கள். மார்கழி விடியலில்கூட நம் ஊரில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிர் செடியைக் கொல்லாது. கொல்வது மூச்சுத்திணறல். வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. சென்னைக்கு ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. அப்போது மண்துகள்களின் இடைவெளிகளில் எல்லாம் தண்ணீர் நிறைந்து, வடியாமல் நின்றால் வேர் திணறுகிறது, பிறகு அழுகுகிறது. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சித்திரை வெயிலில் செடியைக் காப்பாற்றியதும் அந்தக் குணம்தான், கார்த்திகையில் கொல்வதும் அதுவேதான். புரட்டாசியிலேயே பையின் கலவையில் ஆற்றுமணலோ செங்கல் தூளோ கூட்டிப் போட்டு, அடித்துளையைப் பெரிதாக்கி, இரண்டு செங்கல்மேல் ஏற்றி வைத்தவர்களுடைய மிளகாயும் கத்திரியும் இந்த வருஷமும் பிழைத்திருக்கின்றன. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் கேடு, கொசுவுக்கும் கொண்டாட்டம். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து கவிழ்க்கச் சொல்வது சரிதான்.

இலை மஞ்சளானால் பயந்துபோய் உரம் போடாதீர்கள். தழைச்சத்தை மழை அடித்துக்கொண்டு போயிருக்கும். இப்போது போடுவதும் அதே வழியில்தான் போகும். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்த பிறகு ஒரு கை மண்புழு உரம் போதும்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து, கடல்மேல் வந்து, நேராக நம் மாடியில் அடிக்கிறது. அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துளியையும் சுமந்து வருகிறது. ரோஜாவின் இலை ஓரம் தீய்ந்ததுபோல் ஆவது அதனால்தான். துறைமுகச் சுவர் மணலை மறித்ததிலிருந்து வடக்குக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அலை இன்று பல தெருக்களுக்கு எட்டும் தூரத்தில் அந்தக் கல்லில்தான் உடைகிறது. காற்று பலமாக அடித்த நாளின் மாலையில், மழை பெய்யாவிட்டால், நல்ல தண்ணீரை இலைமேல் ஒருமுறை தெளித்துவிடுங்கள்.

வெயிலின் போக்கையும் கவனியுங்கள். ஆனியில் உச்சிவேளைச் சூரியன் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேராக நிற்கும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். ஆனியில் நாள் முழுக்க வெயில் பட்ட தெற்குச் சுவரோரம் இப்போது நிழல். அங்கே ஒதுக்கி வைத்த பைகளை வடக்குச் சுவரை ஒட்டி மாற்றுங்கள். மேகம் விலகும் கொஞ்ச நேரமாவது அவை சூரியனைப் பார்க்கட்டும்.

நம்மைப் போலவே தோட்டத்தைப் பிரிந்து தவிக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. கனடாவில், டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள் கறிவேப்பிலையைத் தொட்டியில்தான் வளர்க்கிறார்கள். இலையுதிர் காலக் குளிர் தொடங்கியதும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னலோரம் வைக்கிறார்கள். மே மாதம் உறைபனி முடிந்த பிறகுதான் மீண்டும் வெளியே போகிறது. ஆண்டில் பாதிக்கு மேல் அந்தச் செடி சிறையிருக்கிறது. இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நிற்கும்போதும் அவர்கள் அதைத் தூக்கிப் போடுவதில்லை, அது தூங்குகிறது என்று தெரியும். தூங்கும் செடிக்குத் தண்ணீரை மிகக் குறைத்துவிடுகிறார்கள். நாமோ, மாடிப்படிக்கு இறக்கிய செடியைப் பார்க்கப் பாவமாக இருக்கிறதென்று தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறோம். பாசத்தால் செத்த செடிகளே மழையால் செத்தவற்றைவிட அதிகம் என்று நினைக்கிறேன். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம்.

ஆனால் ஒன்று. அவர்களுடைய குளிர்காலத்தில் வெளியே எதுவும் முளைக்காது. நம்முடைய மழைக்காலம் அப்படியல்ல. இந்த மாதங்களுக்கென்றே பிறந்த செடிகள் நம்மிடம் உண்டு. பந்தல் அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் விதைத்தால் கொடி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், பூவே இருக்காது. பொழுது குறையக் காத்திருக்கிறது அது. சென்னையில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு அது தெரிவதுகூட இல்லை, அவரைக்குத் தெரிகிறது. கார்த்திகையில் பூக்கத் தொடங்கித் தை முடிய காய்க்கிறது. மொச்சையும் அதே வழிதான். பொங்கல் குழம்புக்கு மொச்சை பறிக்கிற வீடு, கார்த்திகை மழையிலும் மாடிக்கு ஏறக் காரணம் வைத்திருக்கிற வீடு. டிசம்பர் பூ இருக்கிறது: நீலமும் வெள்ளையும் ரோஸும். மல்லி ஓய்ந்த மாதங்களில் நம் பெண்களின் தலைக்கு அதுதான் வருகிறது. ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். மார்கழிக் கோலத்தின் சாணி உருண்டையில் செருகப் பறங்கிப் பூ வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே விதை போட்டிருக்க வேண்டும். இந்த மார்கழியில் உங்கள் மாடி வெறுமையாக இருக்கிறதென்றால், அது போன ஆடியில் போடாமல் விட்ட விதைதான்.

இப்படியெல்லாம் பக்குவம் பார்த்துக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டு, 2023 டிசம்பரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து கழிவெண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. எர்ணாவூரிலும் திருவொற்றியூரின் மேற்குப் பக்கத்திலும் வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவரில் கறுப்புக் கோடு நின்றது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். வெள்ளத்துக்கு நிவாரணமாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கிடைத்தது. எண்ணெயால் பிழைப்பு கெட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் அறிவித்தார்கள். அந்தப் பணம் பாய்க்கும் அடுப்புக்கும் வலைக்கும் பற்றவில்லை. செடியைப் பற்றி அப்போது யார் பேசுவார்கள்?

இப்போது பேசுகிறேன். வாசலில் தொட்டி வைத்திருந்தவர்கள் அந்த மாதம் இழந்தது செடியை மட்டுமல்ல. மண்ணை இழந்தார்கள். காய்கறித் தோலும் காய்ந்த இலையும் முட்டை ஓடும் போட்டுப் போட்டு, வருஷக்கணக்கில் கறுத்துப் பொலபொலவென்று ஆகியிருந்த மண். செடி ஆறு மாதத்தில் வரும், அந்த மண் வராது. எண்ணெய் தொட்ட மண்ணைக் கழுவியும் காயவைத்தும் பார்த்தவர்களை அறிவேன். போகாது. சமையலுக்கான எந்தச் செடியையும் அதில் வைக்காதீர்கள். நல்ல மண்ணோடும் கலந்துவிடாதீர்கள். ரசாயனம் வந்த நீல டிரம்களைப் பாதியாக அறுத்துக் கீரை போடுவோருக்கும் இதையே சொல்கிறேன். அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

அந்த எண்ணெய் கழிமுகத்து அலையாத்திகளையும் பிடித்தது. சேற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் அலையாத்தியின் மூச்சுவேர்களைப் பார்த்திருப்பீர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மேலே வந்து மூச்சு விடுகிற வேர்கள் அவை. அவற்றின்மேல் கறுப்பு அப்பிக்கொண்டதைக் காட்டுக்குப்பம் மீனவர்கள் கண்டார்கள். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் இடம் அது. நம் மாடியில் நார்க்கழிவுப் பைக்குள் நடந்ததும் கழிமுகத்தில் நடந்ததும் வேருக்கு மூச்சு அடைபட்டதுதான். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கழிமுகத்துக்காகப் பேசும் கூட்டங்களுக்கும் போக வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். ஒரு செடி எப்படிச் சாகிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் பேசுவதற்கு வேறு எடை உண்டு.

இனி இந்த மடலின் காரணத்துக்கு வருகிறேன். நம் தோட்டத்தை ஒரு வீடு தனியாகக் காப்பாற்ற முடியாது. எந்த வருஷம் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மாடியில் இருந்தவர்கள் இழந்தார்கள். 2023இல் தரையில் இருந்தவர்கள் இழந்தார்கள். ஆகவே ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் உங்கள் தோட்டத்தில் கொஞ்சம் இன்னொரு வீட்டில் இருக்கட்டும். மல்லி, ரோஜா, ஓமவல்லி, தூதுவளை, பிரண்டை, வெற்றிலை, டிசம்பர் பூ இவற்றில் ஒவ்வொரு பதியனோ குச்சியோ போதும். கறிவேப்பிலைக்கு வேரடிக் கன்று. முருங்கைக்கு ஒரு போத்து. புயலில் முதலில் முறிவது அதுதானே. அவரை, மொச்சை, கத்திரி, பறங்கி விதைகளைக் காயவைத்துச் சாம்பலில் புரட்டி, மூடியுள்ள புட்டியில் இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். கூடவே உங்கள் பழைய மண்ணில் ஒரு படி. அதைப் புதுக் கலவையில் சேர்த்தால் அந்த மண்ணின் உயிர் தொற்றிக்கொள்ளும். எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருப்பவர், காலடிப்பேட்டையில் இரண்டாம் மாடியில் இருப்பவருக்குக் கொடுக்கட்டும். அவருடையது இராயபுரத்துக்குப் போகட்டும். ஒரே தெருவுக்குள் மாற்றிக்கொண்டால் பயன் இல்லை, ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மார்கழியில் மாடியைப் பார்க்க மனம் பொறுக்காதபோது, உங்கள் செடி இருக்கும் வீட்டுக்கு ஒருநாள் போய்வரலாம். "இன்னாக்கா, உன் மல்லி துளிர்த்துடுச்சு, வந்து பாரு" என்று ஒரு குரல் போனில் வந்தால் அந்த மாதம் எவ்வளவு சுலபமாகக் கழியும்.

அடுத்த புரட்டாசி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தெருவில் செடி வைத்திருக்கும் நாலு வீட்டையாவது கூட்டுங்கள். யாரிடம் எது பிழைத்தது, எது போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணெயால் போனதா, உப்பால் போனதா, அழுகிப் போனதா என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை அதிகாரிகள் சேதம் கணக்கெடுக்க வரும்போது அந்த நோட்டைக் காட்டலாம். பிழைத்ததிலிருந்து போனவர்களுக்குக் குச்சி ஒடித்துக் கொடுங்கள். தைப்பட்டத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் வெள்ளரியும் போடலாம். விதை இல்லாதவர்கள் மாதவரம் தோட்டக்கலைப் பூங்காவில் கேட்டுப் பாருங்கள். பையில் இருக்கும் பழைய நார்க்கழிவைக் கொட்டி இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, வேர்த் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு, வேப்பம்பிண்ணாக்கு கலந்து மறுபடி நிரப்புங்கள். என்னிடம் ஊதாக் கத்திரி விதையும் டிசம்பர் பூக் குச்சிகளும் கொஞ்சம் கூடுதலாக இருக்கின்றன. மண் பறிகொடுத்த வீடுகளுக்கு முதலில் கொடுப்பேன். பக்கெட் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
திருவொற்றியூர் மாடித்தோட்டக்காரர் ஒருவர்